ஜாஸ் கிட்டார் சாதகம்: ஆம்ப்ளிஃபயரோடா, இல்லாமலா?

ஜாஸ் கிட்டார் பழகத் தொடங்கும் எவருக்கும் முதல் சில மாதங்களுக்குள்ளாகவே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. வீட்டில் தனியாக அமர்ந்து சாதகம் செய்யும்போது கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் இணைக்க வேண்டுமா, வேண்டாமா? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் விடை சொல்கிறவர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். இணைக்காத கிட்டாரே கையின் உண்மையைச் சொல்லும், மின்சாரம் குறைகளை மூடி மறைத்துவிடும் என்பது ஒரு கட்சி. மின் கிட்டாரை இணைக்காமல் வாசிப்பது பாதி வாத்தியத்தை வாசிப்பதற்குச் சமம் என்பது மற்றொரு கட்சி. நாம் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவர்கள். அக்கட்சியார் வழக்கமாகச் சொல்லும் காரணங்களோடு நம்முடைய காரணம் முழுதும் ஒத்துப்போவதில்லை என்பதால் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

ஆம்ப்ளிஃபயர் என்றதும் உரத்த ஓசையே பெரும்பாலோர் நினைவுக்கு வருகிறது. ராக் இசை நம் காதுகளில் பதித்துவிட்ட எண்ணம் அது. ஜாஸ் கிட்டாரின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. மெல்ல வாசித்தாலும் கேட்கும் என்ற உறுதியை அந்தப் பெட்டிதான் கிட்டார்காரருக்கு முதன்முதலாகத் தந்தது. அந்த உறுதி கிடைத்த பிறகே ஜாஸ் கிட்டாரின் தொடுகை இன்று நாம் அறியும் வடிவத்தை அடைந்தது. அப்படியிருக்க, அதை விலக்கிவிட்டுச் சாதகம் செய்கிறவர் எந்தத் தொடுகையைப் பழகுகிறார் என்பதே நம் கேள்வி.

1930-களின் நடுப்பகுதி வரை ஜாஸில் கிட்டாருக்கு இருந்த தலையாய சிக்கல், அது காதில் விழாததுதான். டிரம்பெட்டும் டிராம்போனும் சாக்சஃபோனும் டிரம்ஸும் முழங்கும் மேடையில் ஆறு தந்திகளின் ஓசை எங்கே எடுபடும்? 1922-ல் கிப்ஸன் நிறுவனம் கொண்டுவந்த எல்-5 கிட்டார், வயலினைப்போல வளைவாகச் செதுக்கிய மேற்பலகையும் எஃப் வடிவத் துளைகளும் கொண்டது. ஒலி முன்னோக்கிப் பாய வேண்டும் என்பதற்கான ஏற்பாடுகள் இவை. எடி லாங் (1902–1933) போன்ற மேதைகள் அவ்வகைக் கிட்டாரில் தனிச்சுர வாசிப்பையும் அழகாகச் செய்து காட்டினார்கள். என்றாலும் பெரிய இசைக்குழுவில் கிட்டார்காரரின் பணி, பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் கார்டுகளைத் தாளத்துக்கு வாசிப்பதாகவே இருந்தது. தடித்த தந்திகள், விரற்பலகையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டவை. அவற்றை வலுவாக அடித்தாக வேண்டும்.

1936-ல் கிப்ஸன் ஈ.எஸ்.-150 என்ற மின் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த 150 என்ற எண் விலையைக் குறித்தது. கிட்டார், ஆம்ப்ளிஃபயர், இரண்டையும் இணைக்கும் கம்பி ஆகிய மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 150 டாலர். இந்தச் சிறு தகவலை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். கிட்டாரும் பெட்டியும் அன்று ஒரே வாத்தியமாகவே கடையிலிருந்து வெளியேறின. அதை வாசித்து உலகுக்கு அறிமுகம் செய்தவர் சார்லி கிறிஸ்டியன். 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார். 1942-ல், 25 வயதிலேயே, காசநோயால் இறந்தார். இடைப்பட்ட சொற்ப காலத்தில் கிட்டாரைச் சாக்சஃபோனுக்கு இணையாக நீண்ட வரிகள் பாடும் வாத்தியமாக மாற்றிவிட்டுப் போனார். அந்த வரிகளின் வழவழப்பு, அடித்து வாசிக்கும் கையிலிருந்து வந்திருக்க முடியாது.

கருவி வேலை செய்யும் விதத்தையும் சற்றுப் பார்க்கலாம். தந்திகளுக்குக் கீழே பொருத்தப்பட்ட பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும்தான். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மிகச்சிறு மின்னோட்டம் பிறக்கிறது. 1831-ல் ஃபாரடே கண்ட மின்தூண்டல் தத்துவமே இது. ஆக, பிக்கப் உணர்வது தந்தியின் அசைவை, அதுவும் தனக்கு நேர் மேலே உள்ள இடத்தின் அசைவை. இணைக்காத கிட்டாரை வாசிக்கும்போது நம் காதுக்கு வருவதோ மரப்பலகை காற்றில் எழுப்பும் ஒலி. அத்துடன் பிக் தந்தியில் உரசும் ஓசையும் பலகை நெஞ்சில் பட்டு அதிரும் அதிர்வும் கலந்துகொள்கின்றன. ஒரே விரலசைவுக்கு இரண்டு வேறுவேறு சாட்சிகள். இவற்றில் கேட்பவரிடம் போய்ச் சேரும் சாட்சியைக் கேட்காமலே தினமும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் இணைக்காத சாதகம்.

இதனால் விளையும் முதல் கேடு வலது கையில் தெரியும். இணைக்காத மின் கிட்டாரின் ஓசை மிகச் சிறியது. மின்விசிறிச் சத்தம்கூட அதை விழுங்கிவிடும். தன் வாசிப்புத் தனக்கே கேட்க வேண்டுமென்று கை தானாகவே அழுத்தத்தைக் கூட்டுகிறது. மணிக்கட்டு இறுகுகிறது, தோள் உயர்கிறது. நாள்தோறும் ஒரு மணி நேரம், ஆண்டுக்கணக்கில் இப்படிப் பழகிய கையைப் பிறகு ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தால் ஒவ்வொரு சுரமும் வல்லின மெய்யாகவே வெடிக்கிறது. மெல்லினமும் இடையினமும் அந்தக் கைக்குத் தெரியாது. ஒலியைக் குறைக்கும் குமிழைத் திருகினால் வெடிப்பு சிறிதாகுமே தவிர, வெடிப்பு வெடிப்புதான்.

இரண்டாவது கேடு இடது கையில். எந்த இசையிலும் ஒரு சுரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதும் பொருளுடையது. ஜாஸின் ஸ்விங் எனப்படும் அந்த ஊசலாட்டத்தில் பாதி, சுரங்களின் முடிவுகளில்தான் இருக்கிறது. இணைக்காத கிட்டாரில் சுரம் தானாகவே விரைவில் மங்கிவிடுவதால், அதை நிறுத்த வேண்டிய பொறுப்பு விரலுக்கு இருப்பதே மறந்துபோகிறது. தேவையற்ற தந்திகள் அதிர்ந்துகொண்டிருந்தால் அதுவும் காதில் விழாது. இணைத்த பிறகு எல்லாம் அம்பலமாகிவிடும்: விட்டுப்போன திறந்த தந்தி முழங்கிக்கொண்டிருக்கும், முந்தைய கார்டின் எச்சம் அடுத்த கார்டின்மேல் படிந்திருக்கும். மின்சாரம் குறைகளை மறைக்கிறது என்று முதல் கட்சியார் சொல்வதில், இந்த ஒரு விஷயத்திலேனும் உண்மை நேர் எதிர்த்திசையில் இருக்கிறது.

மூன்றாவது, கார்டுகளின் எடை. ஆறு தந்திகளையும் சேர்த்து மீட்டும் கார்ட் இணைக்காத கிட்டாரில் நிறைவாக ஒலிக்கும். அதையே ஆம்ப்ளிஃபயரில் வாசித்தால் கீழ்ச்சுரங்கள் திரண்டு கூழாகிவிடும்; பக்கத்தில் வாசிக்கும் பாஸ் கலைஞருக்கும் இடமிருக்காது. மின் கிட்டாரில் இரண்டு மூன்று சுரங்களால் ஒரு கார்டை உணர்த்திவிட்டு நகர்ந்துவிடலாம். எந்தச் சுரத்தை விட்டுவிடலாம் என்ற அறிவு ஏட்டிலிருந்து வருவதில்லை. அந்தப் பெட்டி தன் முன்னால் ஒலித்துக்கொண்டிருக்கும்போதுதான் காதுக்கு அது பிடிபடுகிறது.

இந்த விவாதத்தில் வெஸ் மான்ட்கமரியின் பெயர் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. 1923-ல் இண்டியானபோலிஸ் நகரில் பிறந்தவர். சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, ஏறக்குறைய இருபது வயதில், மின் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கி, அந்தத் தட்டுகளிலிருந்தே கற்றுக்கொண்டார். பகலில் வேலை, குடும்பம். சாதகத்துக்குக் கிடைத்ததோ வேலை முடிந்த பிறகான நேரம். பிக்கால் வாசித்தபோது அக்கம்பக்கத்தார் சத்தத்தைப் பொறுக்க முடியாமல் முறையிட்டார்கள். அவர் வீட்டின் பின்னறைக்குப் போய், பிக்கை விட்டுவிட்டுக் கட்டைவிரலின் சதைப்பகுதியால் தந்தியை மீட்டிப் பார்த்தார். ஓசை அடங்கியது. அந்தக் கட்டைவிரலே பிறகு அவருடைய அடையாளமாயிற்று. ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் ஒருசேர வாசிக்கும் அவருடைய புகழ்பெற்ற உத்தியும் அந்த விரலாலேயே வாசிக்கப்பட்டது. 1960-ல் வெளியான 'தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிட்டார் ஆஃப் வெஸ் மான்ட்கமரி' இசைத்தட்டில் அதை முழுமையாகக் கேட்கலாம்.

அண்டை வீட்டாருக்கு அஞ்சி அமைதியாகப் பழகிய மேதை என்று இக்கதையைச் சொல்லி, இணைக்காத சாதகத்துக்கு ஆதரவாக நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கதையை இன்னும் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பிக்கோடு தொடர்வது, வெஸ்ஸுக்கு முன்னால் இருந்த எளிய வழி. அவர் அதைச் செய்யவில்லை. பெட்டியை வைத்துக்கொண்டு கையை மாற்றினார். கிட்டாரை இணைக்காமலே பிக்கால் பழகியிருந்தால் அந்தத் தாழ்குரல் அவருக்கு அகப்பட்டிருக்காது. கட்டைவிரலின் சதை எழுப்பும் வட்டமான ஒலி, இணைக்காத கிட்டாரில் கேட்டும் கேளாததுமாகப் போய்விடும் ஒன்று. பிக்கப்பும் பெட்டியும் அதைப் பொறுக்கி எடுத்துத் தந்ததால்தான் அது ஓர் ஒலியென்றே அவருக்குத் தெரிந்தது.

அண்டை வீட்டார் தொல்லை கிட்டார்காரருக்கு மட்டும் உரியதல்ல. சாக்சஃபோன் கலைஞர் சன்னி ராலின்ஸ் 1959-ல் மேடையை விட்டு விலகி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின்மேல் நின்று சாதகம் செய்ததை ஜாஸ் ரசிகர்கள் அறிவார்கள். குடியிருப்பில் வாசித்தால் பக்கத்து வீட்டாருக்கு இடைஞ்சல் என்பதே பாலத்துக்குப் போகக் காரணம். சாக்சஃபோனில் ஒலியைக் குறைக்கும் குமிழ் கிடையாது. 1961-ல் மேடைக்குத் திரும்பிய அவர் மறு ஆண்டு வெளியிட்ட இசைத்தட்டின் பெயரே 'தி பிரிட்ஜ்'. அதில் அவருடன் கிட்டார் வாசித்தவர் ஜிம் ஹால் (1930–2013). பாலத்தில் நின்று வளர்த்த அந்தப் பெருங்குரலுக்கு அருகில் ஹாலின் கிட்டார் ஏறத்தாழ முணுமுணுக்கிறது. ஆயினும் ஒரு சுரம்கூடத் தவறாமல் கேட்கிறது. ஆம்ப்ளிஃபயர் எதற்கு என்று எவரேனும் கேட்டால் இந்தத் தட்டைத்தான் நாம் எடுத்துக் கொடுப்போம்.

எதிர்க்கட்சிக்கும் வலுவான சாட்சிகள் உண்டு. அவர்களில் தலையாயவர் ஃப்ரெடி கிரீன். 1937-ல் கவுண்ட் பேஸியின் குழுவில் சேர்ந்தார். சிறு இடைவெளி தவிர 1987-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஆம்ப்ளிஃபயர் இல்லாத கிட்டாரில், அளவுக்கு நான்கு அடியாகக் கார்டுகளை வாசித்தபடி ஐம்பது ஆண்டுகள் அந்தக் குழுவின் நாடித்துடிப்பாக இருந்தார். உயரமாகக் கட்டிய தந்தி, உறுதியான மணிக்கட்டு. அவருடைய ஓசை தனியாகக் காதில் விழுவதைவிட, குழுவின் ஓசைக்குள் உணரப்படுவதே அதிகம். இதை மறுப்பவர்கள் யாருமில்லை. ஆனால் கிரீன் மேடையிலும் அப்படியேதான் வாசித்தார். எந்த வாத்தியத்தை வாசிக்கப் போகிறோமோ அதையே பழகுவது என்ற நெறிக்கு அவரைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. அவர் வழியில் போக விரும்புகிறவர் கம்பியைத் தூக்கி எறியலாம். எறிந்த பிறகு மேடைக்கும் அது இல்லாமலே போக வேண்டும்.

இன்னொரு சாட்சி, ஜோ பாஸ் 1973-ல் தனியொருவராக வாசித்துப் பதிவு செய்த 'விர்ச்சுவோசோ'. மின் கிட்டாரின் தந்தியோசை, மைக்கின் வழியே, பெட்டியின் பூச்சு அதிகமில்லாமல் கேட்கிறது. நகமும் தோலும் மரமும் தெரிகிற அந்த ஒலியில் ஓர் அந்தரங்கம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அங்கே தந்திக்கு அருகில் ஒரு மைக் காத்திருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். மைக்கும் ஓர் ஒலிபெருக்கத்தின் தொடக்கம்தான். மெல்ல வாசித்தாலும் கேட்கும் என்ற உறுதி அங்கும் இருந்தது.

மேடைக்கு வெளியே, நம் கச்சேரி மரபிலிருந்தும் ஒரு சான்று உண்டு. யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மாண்டலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தபோது, இரட்டைத் தந்திகள் கொண்ட வழக்கமான வடிவத்தை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினைக் கையாண்டார். மீட்டியவுடன் மங்கிவிடும் ஒலியில் கமகம் நிற்காது. தந்தியை இழுத்து வளைக்கும்வரை சுரம் உயிரோடிருக்க வேண்டும். மின்னோசை அவருக்கு அளித்தது அந்த நீட்சியைத்தான். இடது கையின் நுணுக்கமெல்லாம் அந்த நீட்சியை நம்பியே வளர்ந்தன. ஜாஸ் கிட்டாரின் கதையும் இதற்கு வெகு தொலைவிலில்லை.

அப்படியானால் இணைக்காத சாதகத்தால் பயனே இல்லையா? உண்டு. பாடலின் கார்ட் வரிசையை மனப்பாடம் செய்வது, விரற்பலகையில் சுரங்களின் இருப்பிடத்தை அறிவது, ஒரு வரியை மிக மெதுவாகக் கட்டிப் பார்ப்பது, வாயால் பாடிக்கொண்டே விரலால் தொடர்வது ஆகியவற்றுக்கெல்லாம் மின்சாரம் தேவையில்லை. கவிதையைக் கண்ணால் படிப்பதைப் போன்றது அது. பொருள் விளங்கும், சொற்கள் நினைவில் தங்கும். ஓசை மட்டும் வாய்விட்டுப் படிக்கும்வரை காத்திருக்கும். கண்ணால் மட்டுமே படித்த கவிதையை அவையில் முதன்முறையாக வாய்விட்டுச் சொல்ல முனைகிறவர் எங்கெல்லாம் தடுக்கி விழுவாரோ, அங்கெல்லாம் இணைக்காமலே பழகிய கிட்டார்காரரும் விழுகிறார்.

நடைமுறைச் சிக்கல்களையும் பேசியாக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில், இரவு பத்து மணிக்கு, குழந்தை உறங்கும் அறைக்கு அடுத்த அறையில் ஆம்ப்ளிஃபயரா என்று கேட்பார்கள். சிறிய பெட்டியைப் பேச்சுக் குரலின் அளவுக்கு வைத்துக்கொண்டால் போதும். எச்சரிக்கை ஒன்று: குறைந்த ஒலியில் மனிதக் காது கீழ்ச்சுரங்களைக் குறைவாகவே கேட்கிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். எனவே இரவில் செவிக்கு இதமாக இருக்குமாறு திருகிவைத்த பாஸ் குமிழ், மேடையின் ஒலி அளவில் கனத்துப்போகும். வீட்டு அளவில் தொடுகையைப் பழகலாம், குமிழ்களின் நிலையை நம்பக் கூடாது. ஹெட்ஃபோன் மூன்றாவது வழி. இரைச்சலற்றது, விட்டுப்போன தந்தியைக்கூடக் காட்டிக்கொடுப்பது. ஆயினும் அறையின் காற்று அதில் இல்லை. ஒலி தன்னை விட்டுப் போய்ச் சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்காத காது, அடுத்தவருக்கு இடம்விட்டு வாசிக்கக் கற்பது கடினம். வேறு வழியில்லாத இரவுகளுக்கு அது போதும்.

நாம் முன்வைக்கும் யோசனை எளியது. கிடைப்பது ஒரு மணி நேரமென்றால் முதல் கால் மணி நேரம் இணைக்காமல், மனப்பாடத்துக்கும் விரல் வழிக்கும். மிச்சமெல்லாம் இணைத்து. பெட்டியின் ஒலியைச் சற்றுக் கூட்டிவைத்து, கையின் விசையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பெட்டியைக் குறைத்து, கையைக் கூட்டுகிறார்கள். கை பாதி விசையில் பழகிவிட்டால் அதற்கு மேலே ஏறவும் கீழே இறங்கவும் இடமிருக்கும். ஒரே பாடலின் ஒரே சுற்றை இணைத்தும் இணைக்காமலும் வாசித்துக் கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் கேட்டுப் பார்க்கலாம். எந்தக் கட்சி சரி என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது.

ஒலியின் குணம் மேடையில் உருவாவதில்லை. தொழில்முறையாக வாசிக்கிறவருக்கு வாரத்தில் சில மணி நேரமே மேடை; மற்றவர்களுக்கு அதுவுமில்லை. ஆள் பார்க்காத அந்தத் தினசரி ஒரு மணி நேரத்தில்தான் ஒருவருடைய கை எந்தக் குரலில் பேசும் என்பது முடிவாகிறது. பகல் முழுதும் வேலை பார்த்துவிட்டு இரவில் கிட்டாரைக் கையிலெடுக்கிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் எளிதாகக் கிடைப்பதில்லை. அதை, தான் ஒருபோதும் மேடையேற்றப் போகாத வாத்தியத்தில் செலவழிக்க வேண்டாம் என்பதே நாம் சொல்ல வருவது. கம்பியைச் செருகுவதற்கு அரை நிமிடம் ஆகும். பின்னறை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு, பேச்சுக் குரலில் தொடங்கலாம்.